நேற்று எங்கே நிழலில் நின்றீர்கள்?

வெயில் அக்கா தெருமுனையில் திரும்பினால் மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் படிவக் கட்டு, அட்டையில் நூல் போட்டுக் கட்டிய பேனா, ஒரு மடக்குக் குடை. குடை பெரும்பாலும் பையிலேயே தூங்கும். கேட்டால், "ஒரு கைக்குப் படிவம், ஒரு கைக்குப் பேனா. குடை பிடிக்க மூணாவது கைய யாரு குடுப்பா?" என்பாள்.

நகரத்தின் பெரிய மருத்துவமனையில் தோல் பிரிவு நடத்தும் கணக்கெடுப்பில் அவளுக்கு வேலை. வெளியில் நின்று பிழைப்பவர்கள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் வெயிலில் இருக்கிறார்கள், எதை வைத்துத் தங்களைக் காத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். இருபத்தோரு கேள்விகள். தொப்பி உண்டா, முழுக்கைச் சட்டையா, முகத்தில் சன்ஸ்கிரீன் பூசுவீர்களா, உச்சிவேளையில் நிழலுக்கு ஒதுங்குவீர்களா. பெரும்பாலான கேள்விகளுக்கு ஐந்து கட்டங்கள். 'எப்போதும்' என்பதில் தொடங்கி 'ஒருபோதும் இல்லை' என்பதில் முடியும்.

சாலை போடும் இடத்தில் ஒருவர், சன்ஸ்கிரீன் என்ற சொல்லைக் கேட்டதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார்.

"மூஞ்சில பூசுறதா? பூசுவோமே. விடிஞ்சதும் ஒரு கோட்டு, பதினோரு மணிக்கு ஒரு கோட்டு, ரெண்டு மணிக்கு ஒரு கோட்டு. எல்லாம் வேர்வைதான்க்கா."

அவள் சிரித்துக்கொண்டே 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டாள். பக்கத்தில் நின்ற வழுக்கைத்தலைக்காரரிடம் தொப்பியைப் பற்றிக் கேட்டாள்.

"முடி இருந்தப்போ போட்டேன், கலைஞ்சிடக் கூடாதேன்னு. இப்போ கலையறதுக்கு என்ன இருக்கு?"

இந்த வேலைக்கு வரும்வரை அவள் வெயிலைச் சரியாகப் பார்த்ததில்லை. எட்டு வருடம் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வருகைப்பதிவு எழுதினாள். ஜன்னலில்லாத நீண்ட கூடம். உள்ளே எப்போதும் ஒரே நேரம்தான். வெள்ளைக் குழல்விளக்குகளின் நேரம். மாலையில் வெளியே வரும்போது வானத்தின் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு மிஞ்சியிருக்கும், வழியனுப்ப ஓடிவந்தவள் கண்ணில் படும் பேருந்தின் பின்விளக்கு மாதிரி. அவள் கணவன் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குபவன். விடிவதற்கு முன் போய், பொழுது சாய்ந்தபின் வருவான். மூன்று சோடி காலுறை, கம்பளிக் குல்லா. ஊர் முழுக்க வேர்த்துக் கொட்டும் மாதத்தில்கூட அவன் மூக்குநுனி சில்லென்றிருக்கும். வீடு திரும்பியதும் முதல் கேள்வி, "இன்னிக்கி வெயில் எப்படி இருந்துச்சு?" என்பதுதான். ஊரில் இருக்கும் சொந்தக்காரரை விசாரிப்பதுபோல் கேட்பான். அவளும் அப்படியே பதில் சொல்வாள். "காலையில கொஞ்சம் முறைச்சுக்கிட்டு இருந்தாரு. மத்தியானம் மேகம் வந்து சமாதானப்படுத்துச்சு."

வேலையில் சேர்ந்த முதல் மாதம் ஒரு கேள்வி அவளை அலைக்கழித்தது. நேற்று காலை பத்து முதல் மாலை நான்கு வரை எத்தனை நிமிடம் வெயிலில் இருந்தீர்கள்? யாருக்கும் தெரியவில்லை. "நாள் பூரா" என்றார்கள், "கொஞ்ச நேரம்" என்றார்கள். தண்ணீர் லாரி ஓட்டுநர் ஒருவர், "எத்தனைன்னு சொன்னா உங்களுக்கு வசதி? அதையே போட்டுக்குங்க" என்றார்.

ஒருநாள் போக்குவரத்துக் காவலர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அது பிடிபட்டது. வெயிலில் எவ்வளவு நேரம் என்று கேட்டபோது உதட்டைப் பிதுக்கினார். நிழலுக்கு ஒதுங்கினீர்களா என்றதும் முகம் மாறியது.

"ஒதுங்க எங்கம்மா இடம்? சிக்னல் கம்பத்து நிழல் இருக்கு. அது என் மூக்குக்கு மட்டும்தான் பத்தும். பதினொன்றரைக்கு அந்த பேங்க் செவுரு நிழல் சாக்கடை வரைக்கும் இருக்கும், அங்க ஒரு கால வச்சுக்கலாம். மூணு மணிக்கு எதிர்ப்பக்கம் மாடிக் கட்டடம் நிழல அனுப்பி வைக்கும். அப்போ போய் நின்னேன், நாலு வரைக்கும் நகரல."

மூச்சு விட்டதை எவரும் நினைவில் வைப்பதில்லை. அப்படித்தான் வெயிலும். நிழல் வேறு. தாகத்தில் குடித்த தண்ணீரை எந்தக் குழாயில் குடித்தோம் என்பது மறக்காது.

அதிலிருந்து அவள் கேள்வியைத் திருப்பிப் போட்டாள். "நேத்து எங்கெல்லாம் நிழல்ல நின்னீங்க?" பிறகு ஒவ்வொரு தெருவிலும் தானே ஒரு முழு நாள் நின்று, எந்தச் சுவரின் நிழல் எத்தனை மணிக்கு எதுவரை வருகிறது என்று ஒரு கோடுபோட்ட நோட்டில் குறித்துவைத்தாள். பத்து மணிக்கு வங்கிச் சுவர் எட்டடி. பன்னிரண்டுக்கு எல்லா நிழலும் தத்தம் காலடியில் சுருண்டு படுத்துக்கொள்ளும். இரண்டரைக்கு மேல் தண்ணீர்த் தொட்டி கையை நீட்டத் தொடங்கும். அவர்கள் சொன்ன நிழலை நோட்டோடு பொருத்தி, ஆறு மணி நேரத்தில் கழித்தால் வெயில் கிடைத்துவிடும். நாற்பத்து மூன்று நிமிடம். நூற்றுப் பதினேழு. இருநூற்றெட்டு.

பதினோரு மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் சேர்ந்தன. சாலை உருளை ஓடும்போது அதன் நிழலுக்குள்ளேயே கூட நடக்கும் ஒரு பெண் அதில் இருந்தாள். தன் சுற்றில் ஏழே மரங்கள் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டிய தபால்காரர் இருந்தார். மாலையில் படிவங்களைப் புரட்டும்போது நகரத்தின் இன்னொரு வரைபடம், கறுப்புத் துணித் துண்டுகளால் தைத்ததுபோல, அவள் மடியில் விரியும்.

அப்புறம் வில்லைகள் வந்தன.

கட்டைவிரல் நகமளவு மெல்லிய படலம். சுற்றிலும் நீலநிற அட்டைச் சட்டம், பின்னால் ஒரு ஊக்கு. தோளில் குத்திக்கொண்டால், அன்று அந்த ஆள்மேல் விழுந்த வெயிலின் அளவுக்கு ஏற்பப் படலம் மாறும். எவ்வளவு மாறியது என்பதை ஆய்வகத்தில் இயந்திரம் சொல்லிவிடும். மக்கள் வாயால் சொல்வதும் வில்லை சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க, முதலில் அவள் பகுதியில் இருபது பேருக்குக் கொடுத்தார்கள். கூடவே ஒரு தாள்: 'இவ்வில்லையை மேலாடையின் வெளிப்புறத்தில் தோள்பகுதியில் நாள் முழுவதும் அணிந்திருக்க வேண்டும். கழற்றவோ, மறைக்கவோ, வேறிடத்தில் வைக்கவோ கூடாது.' இதை அப்படியே வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அவள் முதல் ஆளிடம் ஒரு வரி வாசித்தாள். அவர் முகம் நீதிமன்றத்தில் நிற்பவர் முகம்போல் ஆனது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுத் தன் பாஷையில் சொன்னாள்.

"ஒண்ணுமில்லண்ணே. இது வெயிலக் குடிக்கும். எவ்வளவு குடிச்சுதுன்னு நாங்க பாத்துக்குவோம். பத்திரமா வச்சுக்குங்க."

எல்லோருக்கும் பிடித்துப்போனது. இருபது பேரிடமும் அதையே சொன்னாள். எல்லாம் ஒரே நாளில் நடந்தது. மறுநாள் வில்லைகளை வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் நிழலை விசாரித்துப் படிவங்களை நிரப்பினாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, புள்ளி சார் கூப்பிட்டார். கணக்கெடுப்பின் தரவுகளுக்கெல்லாம் பொறுப்பு அவர். எதையும் கணினித் திரையில் புள்ளிகளாக்கிப் பார்ப்பவர் என்பதால் அந்தப் பெயர். மெல்லப் பேசுகிற மனிதர். அவர் அறைக் குளிரூட்டி அவரைவிட அதிகம் பேசும்.

திரையில் சாய்வாக ஒரு கோடு. கோட்டையொட்டிப் பதினோரு புள்ளிகள். மீதி ஒன்பதும், கல்லெறிந்து கலைத்த குருவிகள் மாதிரி, மூலைக்கொன்றாகப் பறந்திருந்தன.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். வண்டி நிறுத்தத்துல இருக்கிறவரு தொண்ணூத்தாறு நிமிஷம்தான் வெயில்ல இருந்தார்னு எழுதியிருக்கீங்க. அவரோட வில்லை, ஆளு நாள் பூரா வெட்டவெளியில கெடந்த மாதிரி சொல்லுது. துணி உலர்த்துற அம்மா அஞ்சு மணி நேரம்னு இருக்கு. வில்லையக் கேட்டா அவங்க வெளியவே வரல."

"நான் எழுதினது சரிதான் சார்."

"தொண்ணூத்தாறு நிமிஷம் யாருக்கு ஞாபகம் இருக்கும் மேடம்? மத்தவங்க படிவத்துல எல்லாம் அரை மணி, ஒரு மணின்னு இருக்கு. மனுஷன் அப்படித்தான் பேசுவான்."

"நான் வெயிலக் கேக்கல சார். நிழலக் கேட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். நம்ப ஆசைதான், ஆனால் நம்புவதற்குத் திரையில் இடமில்லை என்கிற பார்வை.

"நீங்களே உக்காந்து எழுதுனதுன்னு மேல நெனைக்கிறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியலன்னா உங்க முந்நூத்திப் பன்னிரண்டு படிவத்தையும் ஒதுக்கிடச் சொல்லிட்டாங்க. அப்புறம் உங்கள வச்சுக்கறதும் கஷ்டம்."

வெளியே வந்தவளுக்கு வேலை போகும் என்பது உடனே உறைக்கவில்லை. உருளையின் நிழலில் நடக்கும் பெண்ணைத்தான் நினைத்தாள். படிவம் போனால் அந்த நிழலில் அவள் நடந்ததற்கு வேறு எங்கும் எழுத்து இல்லை.

மறுநாள் வண்டி நிறுத்தத்துக்குப் போனாள். அங்கே காவலுக்கு இருப்பவரை எல்லோரும் நாற்காலி அண்ணன் என்பார்கள். கை ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வைத்துக்கொண்டு, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் நகர நகர அவரும் நகர்வார். ஒரு நாளில் பதினோரு இடம். ஒவ்வொரு இடத்திலும் நாற்காலிக் கால்கள் மண்ணில் நான்கு குழிகள் தோண்டியிருந்தன. கடிகாரம் தரையில் உதிர்ந்து கிடப்பதுபோலிருக்கும்.

"அண்ணே, அன்னிக்கி அந்த வில்லைய எங்க குத்திக்கிட்டீங்க?"

"குத்திக்கிறதா? அதோ, அந்தக் கேட்டு கம்பத்துல ஆணி இருக்குல்ல, அதுல மாட்டுனேன்."

"கம்பத்துலயா?"

"பின்ன? நீதானம்மா சொன்ன, அது வெயிலக் குடிக்கும்னு. என் தோள்ல இருந்தா அதுவும் என்கூட நிழல்லயே சுத்தும். பாவம், நாள் பூரா பட்டினி. கவர்மெண்டு சாமான வாங்கி வச்சுக்கிட்டுப் பட்டினி போடலாமா? அதான் நல்ல வெயிலாப் பாத்து மாட்டுனேன். வயிறு ரொம்பக் குடிச்சிருக்குமே. என்ன சொன்னாங்க, பெரிய மார்க்கா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே கதவில் நெருக்கியடித்தன. "ரொம்பப் பெரிய மார்க்குண்ணே" என்றாள்.

அடுத்து, சலவை நிலையத்தின் மொட்டைமாடி. விடுதிகளின் வெள்ளை விரிப்புகள் வரிசையாகக் காற்றில் உப்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே நடந்தால் தெருவெல்லாம் பாலாகிவிட்ட ஊரில் நடப்பது போலிருக்கும். துணி உலர்த்தும் பெண் கவ்விகளை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினாள்.

"நான் சட்டைக்கு உள்பக்கம் திருப்பிக் குத்துனேன்க்கா. அதுல நீலக் கலர் இருந்துச்சுல்ல."

"இருந்தா?"

"கலர்த் துணிய வெளிப்பக்கம் தெரியக் காயப்போட்டா ஒரே நாள்ல வெளுத்துடாதா? உள்பக்கம் திருப்பித்தான போடணும். இருபது வருஷமா இந்த வேலை பாக்குறேன், எனக்குத் தெரியாதா? நீங்க பத்திரமா வச்சுக்கச் சொன்னீங்க. ஏன், வெளுத்துடுச்சா?"

"வெளுக்கவே இல்ல" என்றாள் அக்கா. "அதான் பிரச்சினை."

வியாழக்கிழமை மாலைக்குள் ஒன்பது பேரையும் பார்த்துவிட்டாள். ஒருவர் தொலைந்துவிடும் என்று பிஸ்கட் டப்பாவில் பூட்டி வைத்திருந்தார். ஒருத்தி தனக்கு வேலை அதிகம் என்று, வீட்டில் சும்மா இருக்கும் மாமனார் தோளில் குத்திவிட்டாள். யாரும் ஏமாற்றவில்லை. எல்லோரும் அவள் சொன்ன வார்த்தைக்கு மரியாதை செய்திருந்தார்கள். படிவங்கள் சரி, வில்லைகள் தப்பு. தப்பின் வேர் அவள் மடித்து வைத்த தாளில் இருந்தது.

அன்று கணவன் காலுறைகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

"ஒம்பது பேரும் கவனக்குறைவா இருந்துட்டாங்கன்னு எழுதிட்டா?"

"எழுதலாம். நம்பிடுவாங்க."

"தாள வாசிக்கலன்னு சொன்னா?"

"விதிய மீறுனேன்னு அன்னிக்கே அனுப்பிடலாம்."

அவன் மூன்றாவது காலுறையை உதறினான். "மொதல்ல சொன்ன மாதிரியே எழுது" என்றான். சற்றுக் கழித்து, "ஆனா அப்புறம் அந்தத் தெரு வழியா எப்படிப் போவ? அந்த நாற்காலிக்காரரு மார்க்கு கேட்டா என்ன சொல்வ?" என்றான். அவள் அவன் சில்லிட்ட பாதங்களைத் தன் உள்ளங்கைகளில் வைத்துக்கொண்டாள். கை சூடாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை புள்ளி சாரிடம் உட்காராமல் நின்றபடியே சொன்னாள். ஆணியை, உள்பக்கம் திரும்பிய ஊக்கை, பிஸ்கட் டப்பாவை, மாமனாரை. கடைசியில் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். மடிப்பு கசங்காமல் இருந்தது.

"இத நான் யாருக்கும் வாசிக்கல சார். வெயிலக் குடிக்கும்னு சொன்னேன். அவங்க தப்பு இல்ல."

அவர் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள்.

"சரி. நான் நேத்து எவ்வளவு நேரம் வெயில்ல இருந்தேன்?" என்றார். "எனக்குத் தெரிஞ்சு பத்து நிமிஷம். கார்லேர்ந்து இங்க, இங்கேர்ந்து கார். நீங்க கேளுங்க."

அவள் பையை இறக்கினாள். "நேத்து எங்கெல்லாம் நிழல்ல நின்னீங்க சார்?"

"நிழல்லதான் இருந்தேன். இந்த ரூம்லதான்."

"ரூம் நிழல் இல்ல சார், கூரை. நிழல்னா வெளிய."

அவர் யோசித்தார். "மதியம் ரத்தப் பரிசோதனைக் கட்டடத்துக்குப் பின்னால ஒரு பெஞ்சு இருக்கு. சாப்பிட்டதும் அங்க போவேன். இங்க கை விரைச்சுப் போகுது. போனப்போ பாதி பெஞ்சுல நிழல் இருந்துச்சு. ஆனா நான் நிழல்ல உக்காரல." நிறுத்தினார். குரல் இறங்கியது. "மத்தப் பாதியில உக்காந்தேன். நிழல் மெல்ல வந்து முழங்காலத் தொட்டுச்சு. அப்புறம் நகர்ந்தேன். இன்னொரு தடவை தொட்டுச்சு. பெஞ்சு முடிஞ்சுபோச்சு. அப்போதான் எழுந்தேன்."

"பெஞ்சு எவ்வளவு நீளம் சார்?"

இருவரும் போய் அளந்தார்கள். நிழலின் ஓரத்தில் அவர் ஒரு கல்லை வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, சின்ன வயதில் ரயில்பாதையில் காசு வைத்துக் காத்திருந்தவர் போலக் குந்தி உட்கார்ந்திருந்தார். கணக்கு முப்பத்தெட்டு நிமிடம் வந்தது.

"முப்பத்தெட்டு" என்றார், நம்பாமல். பின்பு எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டார். "மேல பேசிப் பாக்குறேன். ஆனா என் பேச்சு மட்டும் போதாது. அதே இருபது பேருக்குத் திரும்ப வில்லை குடுங்க. இந்தத் தடவை தாள வாசிங்க மேடம். ஒரு எழுத்து விடாம. ஒத்துப்போச்சுன்னா படிவம் இருக்கும். இல்லன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அவள் வாசித்தாள். இருபது பேருக்கும், ஒரு எழுத்து விடாமல். நாற்காலி அண்ணன் எழுந்து நின்று கேட்டார். 'வேறிடத்தில் வைக்கவோ கூடாது' என்ற இடம் வந்ததும் ஆணியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ நான் பண்ணது தப்பா?"

"நான் சொன்னது தப்புண்ணே."

"இல்லம்மா, நீ நல்லாத்தான் சொன்ன. இது என்னமோ வாடகைப் பத்திரம் மாதிரி இருக்கு." ஆனாலும் தோளைக் காட்டினார். துணி உலர்த்தும் பெண், வெளுத்துப்போனால் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்று மூன்று முறை உறுதி வாங்கிக்கொண்டு வெளிப்பக்கம் குத்திக்கொண்டாள்.

மறுநாள் வில்லைகளை வாங்கிக்கொண்டு, நிழலை விசாரித்து எழுதிக் கொடுத்தாள். முடிவு வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அவளுக்குப் புதுப் படிவம் கொடுக்கவில்லை. தெருக்களில் வெறுங்கையோடு நடந்தாள். கேட்பதற்கு எதுவும் இல்லாதபோது நிழல்கள் சும்மா விழுந்துகொண்டிருந்தன, யாருக்கும் சொந்தமில்லாத தண்ணீரைப்போல.

பத்தாம் நாள் புள்ளி சார் திரையை அவள் பக்கம் திருப்பினார். சாய்வான கோடு. அதன்மேல் பதினேழு புள்ளிகள், கம்பியில் உட்கார்ந்த குருவிகளாக. நாற்காலி அண்ணன் எது என்று கேட்டாள். அவர் விரலை வைத்துக் காட்டினார். கோட்டைத் தொட்டுக்கொண்டே இருந்தது.

"மேல ஒத்துக்கிட்டாங்க. உங்க படிவம் எல்லாம் உள்ள வருது." அலமாரியைத் திறந்து படிவக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு தாள்களின் கனத்தில் மேசை மெல்ல முனகியது. "மத்த நாலு பகுதியிலயும் இனிமே இப்படிக் கேக்கலாமான்னு பேச்சு வந்திருக்கு. நிழல் நோட்டு எப்படிப் போடறதுன்னு நீங்கதான் சொல்லித்தரணும்."

அவள் தலையாட்டினாள். கண் மட்டும் திரையிலேயே இருந்தது. கோட்டுக்கு வெளியே மூன்று புள்ளிகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி.

"அந்த மூணு?"

"இருபதுல மூணு பரவால்ல மேடம். எங்கயும் அப்படி இருக்கும்."

"தாள வாசிச்சேனே சார். ஒரு எழுத்து விடல." அவள் கட்டைப் புரட்டி அந்த மூன்று பேரின் பழைய படிவங்களை உருவினாள். தபால்காரர். மரப்பட்டறைக்காரர். பள்ளி வாசலில் ஐஸ் விற்பவர். தபால்காரரின் தாளில் ஏழு மரங்கள் வரிசையாக இருந்தன. "ஒருவேளை எட்டாவதா ஒண்ணு வளந்திருக்குமோ" என்றாள், தனக்குத்தானே.

"பதினோரு மாசத்துல மரமா?"

"வெட்டியும் இருக்கலாம். தெரியல சார். கேட்டுட்டு வந்துடறேன்."

மணி பன்னிரண்டேகால். மூன்று தாள்களை அட்டையில் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.